தொப்பி கழன்ற தேசிக்காய்கள்

ஈர மணலுக்குள் கையை விட்டால் முதலில் குளிரும். பிறகு தேசிக்காயின் எலுமிச்சை வாசம் வரும்... இன்றைக்கும் அந்த வாசம் எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

சிலாவத்துறைக்கு யுத்த காலத்தில் துரத்தப்பட்ட எங்கள் சனம் திரும்பிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கும் மாமாவின் மகள் ஃபர்ஹானாவுக்கும் இருபது வயது. ஏ.எல். முடித்துவிட்டு இருவரும் வேலையில்லாமல் இருந்தோம்.

அப்போதுதான் ஒரு விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி சேர் வந்தார். பறித்த தேசிக்காயை ஈர மணலுக்குள் புதைத்துப் பழுதாகாமல் வைத்திருக்கும் முறையை ஊரூராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஒரு பிள்ளை வேண்டுமாம். ஷஃபான் பிறைக்குப் பறித்த காயை நோன்புப் பிறை வரைக்கும் பச்சையாக வைத்திருப்பவளுக்கு வேலை என்றார்.

ஒரு மாதம். ஒரு வேலை. நாங்கள் இரண்டு பேர்.

நான் காய்களைக் கையால் பிய்த்தேன். கடற்கரையில் இருந்துகொண்டு மணலுக்கு எங்கே அலைவது? வாசலில் கிடந்த கடல் மணலையே சட்டியில் நிரப்பினேன்.

ஃபர்ஹானா தன் வாப்பாவின் சைக்கிளில் போய் அருவியாற்று மணல் கொண்டுவந்தாள். காம்படியில் இருக்கும் சின்னப் பச்சை மூடி காயோடு நிற்கும்படி, நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினாள். அந்த மூடிக்குத் 'தொப்பி' என்று பெயரும் வைத்தாள்.

"தொப்பி கழண்டா காய் மௌத்துடி, அழுகிரும்."

இரண்டு கிழமையில் என் காய்கள் சுருங்கிப் பழுப்பாகிவிட்டன. உப்பு மணல் சாற்றை உறிஞ்சியிருந்தது. அவளுடையவை மரத்தில் நிற்பவை போல இருந்தன.

அவளுக்கு சைக்கிள் இருந்தது. வாப்பா இருந்தார். எனக்கு இரண்டும் இல்லை. இப்போது வேலையும் அவளுக்கா?

அவள் அஸர் தொழப் போன நேரம் அவளுடைய சட்டிக்குள் கையை விட்டேன். ஒன்று... இரண்டு... பாதிக்கு மேல் தொப்பிகளைத் திருகி எடுத்தேன். மணலைத் தட்டி மூடினேன்.

நோன்புக்கு முதல் நாள் சேர் வந்தார். என் சட்டியை எட்டியும் பார்க்கவில்லை. அவளுடைய சட்டியைக் கொட்டினார். பாதிக் காய்கள் அழுகியிருந்தன. இரண்டும் சரிவரவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

வேலை டவுனில் அவருக்குத் தெரிந்த ஒருவரின் மகளுக்குக் கிடைத்தது. அவளுக்குச் சட்டியும் இல்லை, மணலும் இல்லை. எங்கள் காய்கள் மரத்தில் நிற்கும்போதே அவளுக்குக் கடிதம் டைப் அடித்தாயிற்றாம். பிறகுதான் தெரியவந்தது. அந்த மனிதனைத் திருப்பி ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. மச்சியின் சட்டிக்குள் கைவிட மட்டும் துணிவு வந்தது.

அன்று ஃபர்ஹானா அழுகிய காய்களைப் பொறுக்கியபடி சொன்னாள்:

"மண்ணை நான் வடிவாக் கழுவேல்ல போல. என்ட பிழைதான் மச்சி."

நான் ஓம் என்றேன்.

இப்போது முசலியில் அவளுக்குத் தேசித் தோட்டம் இருக்கிறது. பத்துப் பிள்ளைகள் நகவெட்டியோடு நிற்கிறார்கள். காய் கொழும்புக்குப் போகிறது. நான் இன்னும் விண்ணப்பம் நிரப்புகிறேன். என்னிடம் பிரிட்ஜ் இருக்கிறது, மணல் தேவையில்லை. வயிற்றெரிச்சல்தான் அன்றுபோலவே பழுதாகாமல் இருக்கிறது.

இந்த நோன்புக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். எல்லாம் தொப்பியோடு.

ஃபர்ஹானா, நீ இதை வாசிப்பாய். அன்று மண் பிழையில்லை.

பெட்டியைத் திறந்ததும் ஒரு காயை எடுத்துத் தொப்பியைத் திருகினேன்... கை இன்னும் மறக்கவில்லை.