பருவுக்கு வளர்ந்த தாடி

உங்கள் அப்பா எப்போதாவது உங்கள் ஃபேஸ்வாஷைத் திருடியிருக்கிறாரா? என் அப்பா திருடினார். கையும் களவுமாகப் பிடித்தேன். ட்யூபை வாலிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்குகிற ஒரே ஜீவன் எங்கள் வீட்டில் அவர்தான். அன்று காலை என் ட்யூப் பாதி சுருண்டு கிடந்தது. அவர் வாஷ்பேசின் முன்னால் நின்றிருந்தார், முகமெல்லாம் நுரை.

"அப்பா, அது பொம்பளப் பிள்ளைங்க போடுறது."

"அப்படி ஒண்ணும் இதுல எழுதலயே," என்றார், கண்ணைத் திறக்காமல்.

நுரையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோதுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தாடையின் இரண்டு பக்கமும் பரு. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். இது பெரிய படை. சிவந்தது, பழுத்தது, பிளேடு பட்டுக் கிழிந்தது என்று எல்லா ரகமும் இருந்தன. எனக்குப் பத்தாம் வகுப்பில் வந்த அதே பரு, அப்பாவுக்கு நாற்பத்தேழு வயதில். நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"ஏட்டி, என்ன இளிப்பு? ஒங்கப்பாவுக்குச் சூடு. ஸ்கூட்டர்ல போற சூடு."

அம்மாவைக் கேட்டால் தலைவலியும் சூடு, சளியும் சூடு. சந்தனம் வந்தது, வெந்தயம் வந்தது, பயத்தம் மாவு வந்தது. ஒரு நாள் காது மடலில் மாவு காய்ந்திருக்க வேலைக்கே போய்விட்டார். பரு மட்டும் அசையவில்லை.

அப்பாவுக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீடு மௌலா அலியில். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அதனால் வீட்டுக்குள் திருநெல்வேலி, தெருவில் தெலுங்கு, சண்டை என்றால் ஹைதராபாத் ஹிந்தி. நானோ கேம்பஸில் தேர்வாகி, ஆஃபர் லெட்டரும் கையில் வாங்கி, எப்போது சேர வேண்டும் என்ற மெயில் மட்டும் வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு படித்த பாதிப் பேரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, அப்பாவின் தாடையைக் கவனிக்க எனக்கு நேரம் ஏராளம்.

கொஞ்ச நாளில் அவர் கைக்குட்டையை முகமூடி மாதிரிக் கட்டிக்கொண்டு திரிய ஆரம்பித்தார். கேட்டால் தூசி என்றார். ஒரு கல்யாணத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டபோது கை கழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை. அம்மா கோயிலுக்குப் போன ஒரு மாலையில்தான் விஷயத்தை என்னிடம் சொன்னார்.

"செக்ஷன்ல புதுசா சேர்ந்த பயலுவ கிண்டல் பண்ணுதானுவ. யாராவது நெனச்சாத்தான் பரு வருமாம். 'சார், ஆவிட எவரு'ன்னு கேக்கான் ஒருத்தன். அந்த அம்மா யாருன்னு கேக்கான்! எனக்கு இருக்கிறது பி.எஃப். லோன், இவனுக்கு அந்த அம்மா வேணுமாம்."

"அம்மாட்ட சொன்னீங்களா?"

"சொன்னா அவளும் யாருன்னு கேப்பா."

தார்நாகாவில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். நடுவில் அப்பா, செய்தித்தாளைக் கண்ணுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு. உள்ளே போனதும் டாக்டரம்மா நேராக என் முகத்தைப் பார்த்து, "எப்போலேர்ந்தும்மா?" என்று தெலுங்கில் கேட்டார். நான் அப்பா பக்கம் கையைக் காட்டினேன். டாக்டரம்மா கொஞ்சமும் சிரிக்கவில்லை. அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

தலைக்கு என்ன எண்ணெய் என்றார். தேங்காய் எண்ணெய், வழிய வழிய. அதன் மேலேயே ஹெல்மெட்டா? ஆமாம். ஹெல்மெட் உள்துணியைத் துவைத்தது உண்டா? அப்பா என்னைப் பார்த்தார், நான் ஃபேனைப் பார்த்தேன். எண்ணெயும் வியர்வையும் ஹெல்மெட் வாரோடு தாடையில் இறங்குகிறது, மறுநாள் காலை அதன் மேலேயே அப்பா பிளேடை இழுக்கிறார், அவ்வளவுதான் விஷயம் என்றார். இந்த வயதிலும் பரு வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எண்ணெயை நிறுத்தச் சொல்லி, களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, தோல் ஆறும்வரை ரேசரைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

இப்படித்தான் தாடி வந்தது. உப்பும் மிளகும் கலந்த தாடி. கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவிக்கொண்டார். பரு எல்லாம் அதற்குள் ஒளிந்துகொண்டதில் மனிதருக்குப் பரம சந்தோஷம். கைக்குட்டை பீரோவுக்குப் போனது.

ஆனால் கார்த்திகை வந்துகொண்டிருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

ஹைதராபாத்தில் கார்த்திகை பக்கம் நடுவயது ஆண் ஒருவர் தாடியோடு திரிந்தால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: சபரிமலைக்கு மாலை போடப் போகிறார். அப்பாவின் செக்ஷனில் பாதிப் பேர் வருஷா வருஷம் போகிறவர்கள். ஒரு மண்டலம் கறுப்பு உடை, வெறுங்கால், பச்சைத் தண்ணீர்க் குளியல். யாரைப் பார்த்தாலும் சாமி.

முதலில் கேன்டீனில் முட்டை போனது. தட்டில் வைத்த முட்டையைப் பரிமாறுகிறவரே திரும்ப எடுத்து, "குட்டு ஒத்து, சாமி," என்றாராம், முட்டை வேண்டாம் என்று. அடுத்து அவர் பக்கத்தில் கெட்ட வார்த்தை பேசுவதை நிறுத்தினார்கள். கிண்டல் செய்த பயல்கள் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள். அப்பா இதையெல்லாம் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த கேள்வி, பிறகு எதற்குத் தாடி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அங்கிள் வந்தார். தெலுங்குக்காரர், அப்பாவோடு வேலை பார்ப்பவர், சபரிமலைக் குழுவுக்கு அவர்தான் குருசாமி. பல வருஷமாக அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, லீவ் இல்லை என்ற பதிலையே வாங்கிக்கொண்டு போனவர். அன்று வாசலிலேயே நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இந்த வருஷம் ஐயப்பன் உங்களைக் கூப்பிட்டுட்டான், சாமி. டிக்கெட் போட்டாச்சு. வர்ற ஞாயிறு காலைல மாலை போடுறோம். வர்றீங்கள்ல?"

அம்மா காபியோடு அப்படியே நின்றாள். நான் அப்பாவையே பார்த்தேன். சொல்லுங்கப்பா, இப்போதே சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"ஹவ்."

ஹவ் என்றால் ஆமாம். அங்கிள் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பரு வந்ததுக்கா மாலை போடப் போறிய?"

"வேற என்ன சொல்லச் சொல்லுத? மனுஷன் அழுதுட்டாரு."

"பருன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சிரிப்பானுவ. ஏற்கெனவே யாரு அந்த அம்மான்னு கேட்டுட்டு இருந்தானுவ."

"எந்த அம்மா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்குச் சாமி மேல் பயம் உண்டு, நிஜமான பயம். "மாலைங்கிறது வெளையாட்டு இல்ல. பொய்யாப் போடக் கூடாது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காலை ரேசரை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். மாலைக்கு ஒப்புக்கொண்ட மனிதர் தாடியை வழித்துவிட்டுப் போய் நின்றால் அந்த அங்கிள் முகம் எப்படிப் போகும்? ரேசரை வைத்துவிட்டார். பொய்யாக மாலை போடவும் முடியாது, பரு என்று சொல்லவும் முடியாது. என் அப்பா இப்படி மாட்டி முழித்து நான் பார்த்ததில்லை.

"நான் போய் அங்கிள்ட்ட சொல்லட்டுமாப்பா?"

"நக்கோ, வேண்டாம். நீ சொன்னா இன்னும் கேவலம்."

ஞாயிறு காலை என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். எதற்கென்று சொல்லவில்லை. காலனிக் கோயில் முன்னால் கறுப்பு வேட்டியில் நீளமாக வரிசை நின்றது. நடுவில் அப்பா மட்டும் பேன்ட், வெள்ளைச் சட்டை. முறை வந்தது. அங்கிள் மாலையைத் தூக்கியபோது அப்பா கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒக்க நிமிஷம், சாமி. இது ஐயப்பனுக்கு வளர்த்த தாடி இல்ல. மொடிமலு."

மொடிமலு என்றால் பரு. அங்கிள் புரியாமல் நின்றார். அப்பா தாடையைத் தூக்கி, தாடியை இரண்டு விரலால் விலக்கிக் காட்டினார். அங்கிள் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, கிட்டே குனிந்து பார்த்தார். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.

"ஹவ்," என்றார் அங்கிள். "மொடிமலே."

ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், கோயில் வாசலே சிரித்தது. செக்ஷன் பயல் ஒருவன், அவனும் கறுப்பு வேட்டிதான், "சார், ஆவிட..." என்று ஆரம்பித்தான். "மாலை போட்டுட்டு என்ன பேச்சு அது, சாமி!" என்று அங்கிள் அவனை அடக்கினார், தானும் சிரித்துக்கொண்டே. பிறகு ஆளுக்கொரு வைத்தியம். கிராம்பு அரைத்துப் போடுங்கள் என்றார் ஒருவர், டூத்பேஸ்ட் என்றார் இன்னொருவர். ஸ்டோரில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் டாக்டர் விலாசம் கேட்டார். அவர் கழுத்தைப் பார்த்தேன். கேள்வியே கேட்காமல் எழுதிக் கொடுத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுங்க. மன்னிச்சுக்கோங்க," என்றார்.

"கைக்கு?" என்றார் அங்கிள், ஏன் என்று. "எதுக்குக் கேன்சல்? மாலை வேணாம், இருமுடி வேணாம். பதினெட்டாம் படி ஏற முடியாது, அவ்வளவுதான். பக்கத்து வழியா வந்து சாமியப் பாருங்க. எங்களுக்கும் ஒரு ஆள் வேணும்."

"என்ன வேலைக்கு? செருப்பு பாத்துக்கவா?"

"எங்ககிட்ட எங்க இருக்கு செருப்பு? மூட்டை பாத்துக்கோங்க."

அப்போதுதான் அப்பா சிரித்தார், வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த சிரிப்பு. திங்கட்கிழமை கேன்டீனில் முட்டையைக் கேட்டே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அம்மா மட்டும் "எந்த அம்மா?" என்பதை இன்னும் விடவில்லை.

பரு முக்கால்வாசி அடங்கிவிட்டது. தாடி இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மண்டலம் முடிந்து நேற்று செகந்திராபாத் ஸ்டேஷனில் கறுப்பு வேட்டிகளுக்கு நடுவில் கட்டம் போட்ட சட்டையோடு ஏறினார், இரண்டு தோளிலும் அடுத்தவர் மூட்டை. சாமியைப் பார்த்து என்ன சொல்லப் போகிறீர்கள் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். "உள்ளதத்தான் சொல்லணும்," என்றார். கொஞ்சம் முன்னால் மிஸ்டு கால் வந்தது, திரும்பக் கூப்பிட்டேன். ரயில் இப்போது சேலத்தில் நிற்கிறது.