மலைமேல் எரிந்த சூடம்

என்ன வேலைக்குப் போகிறாய் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், "காத்துக்குக் காவல்" என்பாள் தீர்த்தம்மாள். கேட்டவர் சிரித்தால் தானும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பொய்யில்லை. ஒகேனக்கல் போகிற வழியில் சரணாலயக் காட்டுக்குள் ஒரு மலை. அதன் உச்சியில், முனியப்பன் கல்லை ஒட்டிப் போட்ட கம்பி வேலிக்குள், ஒரு மெஷின் நாள் முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள தூசும் புகையும் அதற்குள் இருக்கிற வட்டமான வெள்ளை பில்டரில் படியும். கம்பத்தில் ஒரு கேமரா, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கர்நாடக மலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதென்று படம் பிடித்தபடி இருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் மலையேறி பில்டரை மாற்றுவதும் கேமராக் கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து தக்காளித் தோட்டத்தில் குனிந்தே கிடந்தவளுக்கு, நிமிர்ந்து நின்று தூரத்தைப் பார்க்கவும் சம்பளம் தருவார்கள் என்பது இன்னும் நம்ப முடியாத சங்கதி. அந்த வேலைமேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. மெஷினின் சத்தம் கொஞ்சம் மாறினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

மாசி மாதத்தில் பில்டர் கறுக்கத் தொடங்கியது. காட்டுத்தீ எதுவும் இல்லை. கேமராவில் அக்கரை மலை பளிச்சென்று தெரிகிறது. பில்டர் மட்டும் வாராவாரம் கரி பூசினாற்போல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மலையிறங்கும்போது, மெஷினுக்குப் பொறுப்பான கோகிலவாணி அடிவாரத்தில் ஜீப்பில் காத்திருந்தாள்.

"மெஷின் பக்கத்துலயே யாரோ நெருப்பு வைக்கிறாங்கக்கா. இப்படியே போனா வேற மலைக்கு மாத்திடுவாங்க. அப்புறம் உங்களுக்கும் வேலை இருக்காது. எனக்கு மனசே இல்லை" என்று சொல்லி, போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கேமராவின் ஓரத்தில் விழுந்திருந்த படம். காற்றில் பறக்கும் ஒரு துண்டு, நீலச் சட்டை போட்ட ஒரு முதுகு. முதுகில் பச்சைத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது.

"யாருன்னு தெரியுதாக்கா?"

தெரியாமல் என்ன? அந்த ஒட்டைப் போட்டவளே அவள்தானே. நீலத்துக்குப் பச்சையா என்று வாங்கிக்கட்டிக்கொண்டதும் அவள்தான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை.

"எங்கூட்டுக்காரருங்க மேடம். ஒரு வாரம் பொறுங்க, நான் கேட்டுக்கறன்" என்றாள்.

அவள் கணவர் அர்ச்சுனன் பரிசல் ஓட்டியவர். போன வருடம் பாறையில் வழுக்கி விழுந்து முட்டி போய்விட்டது. படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமைகளில் பரிசல் துறைக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு பேசிவிட்டு வருவதாகச் சொல்வார். முட்டி வீங்கி வந்தால், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பார். இவளும் நம்பி எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எடுத்த எடுப்பில் கேட்டாள். "மலைக்குப் போனீங்களா இல்லயா?"

"போனன்."

"அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"முனியப்பனுக்குச் சூடம் வெக்கப் போனன்" என்றார் அர்ச்சுனன். "மலையேறறப்ப யானை எதுக்கால வந்துச்சுன்னு அன்னைக்குச் சிரிச்சிக்கிட்டே சொன்ன. எனக்குச் சிரிப்பு வரல. வேலைக்குப் போவாதன்னு சொல்லவும் மனசில்ல. செவ்வாக்கெழமை ஆனா உன் மூஞ்சி எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அதான், மொத நாளே போயி சாமிகிட்டச் சொல்லிட்டு வந்தன். வெறுங்கையோடவா கேக்கறது?"

சண்டை போடத்தான் வந்திருந்தாள். காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி வேலைக்கே உலை வைத்துவிட்டாரே என்று ஆத்திரமாக இருந்தது. ஆனால் அந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்த மலையை எப்படி ஏறினார் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சியபடியே பில்டரைப் பற்றியும் படத்தைப் பற்றியும் எல்லாம் சொன்னாள். அர்ச்சுனனின் முகம் சுருங்கிப்போனது.

"சூடத்த நிறுத்துனா சாமி கோவிச்சுக்காதா?"

"அத நான் பேசிக்கறன்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பேசினாள். கல்லில் படிந்திருந்த, பழசு என்று இத்தனை நாள் அவள் கண்டுகொள்ளாத கரியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அரளிப்பூ வைத்தாள். "இனிமே சூடம் கெடையாது. மெஷினு இங்க இருந்தாத்தான் நான் வருவன், நான் வந்தாத்தான் உனக்குப் பூவு. பாத்துக்க" என்று கறாராகச் சொல்லிவிட்டு, பயந்துகொண்டே மெஷினைத் திறந்தாள். பில்டர் வெள்ளையாக இருந்தது. லேசான மண் நிறம், அவ்வளவுதான்.

சிக்னல் கிடைக்கிற இடம்வரை இறங்கி, படம் எடுத்து கோகிலவாணிக்கு அனுப்பினாள். "இனி மாத்த மாட்டாங்கக்கா" என்று பதில் வந்தது. இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக இறங்கினாள்.

அவ்வளவு வேகம் தேவைப்படவில்லை. அடிவாரத்துப் புளியமரத்தின் கீழே, வலிக்கிற காலை நீட்டிப் போட்டு, மலைப்பாதையையே பார்த்தபடி அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தார்.

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"சூடந்தான வேணாம்ன? நான் ஒக்காந்திருந்தா பொகையா வருது?"

அவர் எழுந்திருக்கத் தோளைக் கொடுத்தாள்.