மூன்று மூச்சுக்காரர்

காயக் கட்டை அவிழ்க்குமுன் தியாகலிங்கம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். மூச்சு ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே வாங்குப் பலகையில் முப்பது பேர் காத்திருந்தாலும் அதில் ஒன்றைக் குறைக்க மாட்டார். அதற்குப் பிறகுதான் ஆறிய உப்புத்தண்ணீரை ஊற்றி, ஒட்டிப்போன துணியை நனைத்து நனைத்து எடுப்பார். திருக்கை மீன் முள் குத்திப் புண்ணான காலோடு வருகிற கடற்றொழிலாளர்கூட அவர் முன்னால் பல்லைக் கடிப்பதில்லை.

பருத்தித்துறைச் சந்தைக்குப் பின்னாலுள்ள சின்ன டிஸ்பென்சரியில் காயங்களுக்கு மருந்து கட்டுவது அவர் வேலை. அவர் ஏதோ மந்திரம் சொல்லுகிறார் என்றே சனம் முடிவு கட்டிவிட்டது. இரத்தினம்மா ஒருநாள், பால் கறக்கவிடாத பசுவையே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"உந்த மந்திரத்தை இதுக்கும் ஒருக்காப் போட்டுவிடுங்கோ அண்ணை."

"மந்திரமில்லைப் பிள்ளை, மூச்சுத்தான் விடுறன்."

கேட்டால்தானே! கடைசியில் பசுவுக்கு முன்னாலும் குந்தியிருந்து மூன்று மூச்சு விட்டார். மடியைப் பார்த்தார். காம்பில் வெடிப்பு. களிம்பு பூசிவிட்டார். பிறகென்ன, மந்திரம் பலித்துவிட்டதென்று ஊரெல்லாம் ஒரே கதை.

அந்த மூச்சு குருநாகலில் கிடைத்தது. இளவயதில் அங்கே வேலை பார்த்தபோது, கால் புண்ணோடு வந்த ஒரு பிக்கு இவருடைய அவசரத்தைப் பார்த்துச் சொன்னாராம். சிங்களத்தில் கேட்டதைத் தியாகலிங்கம் தன் தமிழில் இப்படிச் சொல்லுவார்: "கை என்ரை காலிலை, மனம் அடுத்த ஆளிட்டை. மூண்டு மூச்சு விடு. இந்த மனுசனுக்கு நோகக்கூடாது எண்டு நினை. பிறகு தொடு." அப்போ நீங்கள் புத்த சமயமோ என்று கேட்டால் சிரிப்பார். "நான் முருகனைக் கும்பிடுறவன். அந்தப் பிக்கு ஆமத்துறு சொன்னது நல்ல விசயம், பிடிச்சுக்கொண்டன்."

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில் அவர் மகள் பத்மாசினி, தமிழருக்கு எதிரான கலவரத்தில் குருநாகல் வீடு எரிந்து, இரண்டு பிள்ளைகளோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினாள். தியாகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிழமைதான் பேக்கரி பியதாச, அடுப்பில் வெந்த கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். ஊரைவிட்டுப் போகாமல் நின்ற ஒரே சிங்கள ஆள்.

காலிலுள்ள நீரிழிவுப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்திருந்த சின்னத்தங்கம் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "உங்கடை பிள்ளையின்ரை வீட்டைக் கொளுத்தினவங்கடை ஆள். உவனுக்கு மருந்து கட்டப் போறியளோ?"

தியாகலிங்கம் கைகளை மடியில் வைத்தார். மூன்று மூச்சு போதவில்லை. நோகட்டுமே, நல்லாய் நோகட்டும் என்றுதான் மனம் சொன்னது. நாலு, ஐந்து, ஆறு. வாங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டாவது மூச்சில்தான் அந்தக் கை அவர் கண்ணில் பட்டது. விரலிடுக்கில் காய்ந்த கோதுமை மா. துணிக்குள்ளால் கசியும் நீர்.

"ரிதெனவாத?" என்று கேட்டார். நோகுதோ என்று சிங்களத்தில் கேட்டதும் பியதாச தலையாட்டினான். அடக்க முடியாமல் அழுதான்.

துணியை நனைக்க நனைக்கத் தண்ணீர் நிலத்தில் வடிந்து ஓடியது. சின்னத்தங்கம் ஏதோ முணுமுணுத்தபடி நொண்டி நொண்டி எழுந்து வந்து, மூலையில் கிடந்த சட்டியை எடுத்து அந்தக் கைக்குக் கீழே பிடித்தார்.