ஜெபம் சொல்லாத வேட்பாளர்

2001 அக்டோபர், உள்ளாட்சித் தேர்தல் நேரம். திருமானூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் மாதா கோயில் மண்டபத்தில், ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்ற மூவரை விசுவாசம் பற்றியும் நேர்மை பற்றியும் பேச அழைத்திருந்தார், அந்த வாரம்தான் புதிதாக வந்த பங்குச்சாமியார்.

நடுவில் இருந்தவர் ஒல்லி. பேசும்போதெல்லாம் சட்டையின் கைப்பொத்தானைத் திருகுவார். அது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பதவி. கிறிஸ்தவராக மாறியவர் நிற்க முடியாது. அவருடைய சாதிச் சான்றிதழ் இந்து என்றது. ஞாயிறுதோறும் அந்தக் கோயிலில் ஜெபம் சொல்லித் தருபவரே அவர்தான் என்பது சாமியாரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"உங்க விசுவாசம் என்னங்க?" என்றார் சாமியார்.

"சர்டிபிகேட்டுல இருக்கறதுதான் சாமி."

எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் சிரித்தார். "அப்ப கடைசி ஜெபத்த அண்ணனே சொல்லட்டும். அவருக்குப் புஸ்தகமே வேணாம்!"

ஒல்லியானவர் எழுந்தார். "எனக்குத் தெரியாதுங்க."

முன்வரிசையில் இருந்த அவருடைய மனைவி முக்காட்டை இழுத்துவிட்டு, தானே ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இவர் மட்டும் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

கூட்டம் 'ஆமென்' என்று முடித்தபோது அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவரும் சொன்னார் என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்பது அன்று அவருக்கு அருகே நின்ற எனக்கு இன்றுவரை தெரியவில்லை.