வார் மாட்டும் பக்கத்தில் ஒரு கை

கேமரா கம்பெனியில் பெட்டி அடுக்கும் பிரிவில் கொடிகட்டிப் பறந்தவள் அவள். கேமரா, பேட்டரி, தோளில் மாட்டும் வார், கடைசியாக இடது ஓரத்தில் விளக்கப் புத்தகம். வாய் பக்கத்து மேசைக்காரியோடு வம்பளக்கும், கை தன்பாட்டுக்கு அடுக்கும். மூடும்போது மட்டும் ஒவ்வொரு பெட்டியையும் தட்டி, "போய்ட்டு வா" என்பாள்.

புத்தகத்துக்குப் படம் வரைகிறவர் ஒருநாள் வந்து, "வார் மாட்டுற மாதிரி கையைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்றார். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன இடது சுண்டுவிரலை அவள் மடக்கி ஒளித்தாள்.

"அதையும் நீட்டுங்க. அப்பதான் நிஜக் கை மாதிரி இருக்கும்" என்றார் அந்தப் புண்ணியவான். கோணலோடேயே வரைந்தார். புத்தகம் அச்சாகி வந்ததும் அங்கே அவளுக்குப் பேரே கோணவிரல் என்றாகிவிட்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வீட்டில் காட்ட ஒரு புத்தகம் எடுத்துவர முடியுமா? ஒன்றை எடுத்தால் ஏதோ ஒரு பெட்டி புத்தகமில்லாமல் போகும். அந்தப் பாவம் அவளுக்கு வேண்டாம். பஸ் ஓட்டிய அவள் வீட்டுக்காரருக்கு இது வசதியாகப் போயிற்று. விருந்தாளி யார் வந்தாலும், "உலகம் பூரா இவ கைதானாம்! நல்லா கதை அளப்பா" என்று ஆரம்பித்துவிடுவார். விளையாட்டுக்குத்தான் சொல்வார். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

"நம்ம வீட்டுக்கும் ஒரு பெட்டி வரும். அன்னிக்கு உங்க வாயை அடைக்கிறேன்" என்பாள்.

அந்தப் பெட்டி வருவதற்குள் அவள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மூட்டு வீங்கி, மற்ற விரல்களும் சுண்டுவிரலின் வழிக்கே போய்விட்டன. மகள் சம்பாதித்து அதே கம்பெனி கேமராவை வாங்கி வந்தபோது, யாரையும் தொடவிடாமல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவளே பிரித்தாள். பார்க்காமலே இடது ஓரத்தில் கை போயிற்று. அங்கே ஒன்றுமில்லை. கட்டம் கட்டமாகக் கறுப்புப் புள்ளி போட்ட துண்டுச் சீட்டு ஒன்றுதான் கிடந்தது.

"எங்க, உன் கையைக் காணோம்?" என்றார் வீட்டுக்காரர்.

"புக்கு வைக்காம பெட்டியை மூடியிருக்கான் பாரு, படுபாவி!" என்றாள் அவள்.

"இப்பல்லாம் புக்கு போன்லதாம்மா" என்று மகள் அந்தச் சீட்டைப் போனில் பிடித்தாள். பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாப் படத்திலும் நகமும் ரேகையும் இல்லாத ரப்பர் கைகள்.

"மாத்திட்டாங்கடி. விடு."

"இரும்மா, வார் மாட்டுற பக்கம் வரட்டும்."

வந்தது. கேமரா எவ்வளவோ மாறியும் வார் மாட்டும் வளையம் மட்டும் மாறவில்லை போலிருக்கிறது, அந்தப் படத்தை யாரும் தொடவில்லை. மகள் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அச்சில் கடுகளவாக இருந்த கோணல் சுண்டுவிரல் திரை முழுக்க நின்றது.

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கிண்டல் வரவில்லை.

"மத்த நாலும் எவ்வளவு நேரா இருந்திருக்கு" என்றார்.

"அதையே மறந்துட்டேங்க" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "பாப்பா, அதை பிரிண்ட் போடுற கடைக்கு அனுப்பு."

"அந்த ஒரு பக்கம்தானேப்பா?"

"முழுசும். ஒத்தைத் தாளைக் கொண்டுவந்து புக்குன்னு நீட்டினா உங்கம்மா விடுவாளா?"

கடையிலிருந்து வந்தது தலையணை கனத்துக்கு ஒரு கட்டு. பெட்டிக்குள் எப்படித் திணித்தும் நுழையவில்லை. அவளே வார் பக்கத்தை மட்டும் உருவி, நாலாக மடித்து இடது ஓரத்தில் வைத்தாள். மூடியைச் சாத்தி, வீங்கிய விரல்களால் மெல்லத் தட்டினாள்.

"வந்துட்டியா?" என்றாள்.