ஞாயிற்றுக்கிழமை மொச்சைக் குழம்பு

வாரத்தில் ஆறு நாளைக் காட்டுக்கும் கட்டிலுக்கும் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பானுமதி தனக்கென்று வைத்துக்கொண்டாள். மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் அவள் பெயர் கெட்டுப்போக அந்த ஒரு நாளே போதுமானதாக இருந்தது.

அப்படி என்ன பெரிய பாவம் செய்தாள்? தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள். வாய்க்கு ருசியாக ஒரு குழம்பு வைத்தாள். மத்தியானம் டிவியில் போடும் படத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். புருஷன் கை கால் விளங்காமல் கட்டிலில் கிடக்கும்போது பொண்டாட்டிக்காரிக்கு இதெல்லாம் கேட்குதா என்பது ஊரின் பேச்சு. பேசியவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாளாவது வந்து அவனுக்குக் கழுவிவிட்டதில்லை. பேசுவதற்குக் காசா பணமா?

அவள் புருஷன் ராசப்பன் மிளகு பறிப்பதில் கெட்டிக்காரன். சில்வர் ஓக் மரத்தில் உச்சிவரை படர்ந்திருக்கும் கொடிக்கு, கால் வைக்கக் கணுக்களை விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கிலைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிடுவான். ஒரு தை மாதக் காலையில், பனி காயாத நேரத்தில் மூங்கில் வழுக்கிவிட்டது. கழுத்தெலும்பு நொறுங்கியது. நாமக்கல், சேலம் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துவிட்டு, வேனில் படுக்கவைத்து மலைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் பழைய ராசப்பன் மிச்சமிருந்தான். கண் பார்த்தது, வாய் பேசியது, கிண்டல் கொஞ்சமும் குறையவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது.

மகள் அருணாவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பொங்கலுக்கு வருவாள், அப்பாவைப் பார்த்து அழுவாள், பஸ் ஏறிவிடுவாள். உதவிக்கு என்று இருந்தது ராசப்பனின் அக்கா கண்ணாயி ஒருத்திதான். இரண்டு வீடு தள்ளி இருந்தாள். தாய் செத்த பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பானுமதி கிழங்குக் காட்டுக்குக் களை வெட்டவோ, காப்பிப்பழம் பறிக்கவோ போகும் நாட்களில், மத்தியானம் வந்து அவனுக்குக் கூழ் ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். நல்ல மனுஷி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

“பொம்பளைங்க தலைக்கு ஊத்தறது வெள்ளிக்கெழம. ஞாயித்துக்கெழம ஊத்தறவளை இந்த மலையில நான் பாத்ததில்ல கண்ணு” என்பாள்.

“வெள்ளிக்கெழம வேலைக்கு வரச் சொல்றாங்களே நங்கையா, நான் என்ன பண்ணட்டுமுங்க?” என்று பானுமதி சிரித்து மழுப்பிவிடுவாள். புருஷனின் அக்காவை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

உண்மையில் அந்த நாள் அவளுக்கு மட்டுமான நாளும் அல்ல. விடிந்ததும் விளக்கெண்ணெயைச் சூடுபண்ணி முதலில் ராசப்பனின் தலையில்தான் வைப்பாள். முதுகு புண்ணாகாமல் இருக்க உடம்பு முழுக்க உருவிவிட்டு, வெந்நீரில் துடைத்து, முகச்சவரம் செய்து, பவுடர் போட்டுவிடுவாள். “என்ன பானு, பொண்ணு பாக்கப் போறமா?” என்று அவன் கேட்பான். அதன் பிறகுதான் அவள் குளியல். வடிகஞ்சியில் குழைத்த அரப்பைத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையை விரித்துப்போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்காருவாள். அந்த ஒரு மணி நேரம் அவள் யாருக்கும் கூலியாள் இல்லை, யாருக்கும் தாதி இல்லை. அந்தச் சுகத்தை அவள் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் படம் பார்க்கக் கீழே டவுனுக்குப் போவார்கள். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் எழுபது வளைவிலும் பானுமதிக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போய், படத்தைப் பார்த்து அழுது, திரும்பி வரும்போது மறுபடியும் குமட்டும். ஆனாலும் அடுத்த படத்துக்கு முதல் ஆளாகக் கிளம்பி நிற்பாள். இப்போது படம் வீட்டுக்கே வந்துவிட்டது. கட்டிலை டிவி பக்கம் திருப்பிப் போட்டு, தலைமாட்டில் அவள் உட்காருவாள். ராசப்பனுக்கு ஒரு கெட்ட பழக்கம். படம் பாதி ஓடுவதற்குள், “பாத்துக்க, அந்த மச்சான்காரன்தான் கொன்னிருப்பான்” என்று போட்டு உடைத்துவிடுவான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போன வருஷத்திலிருந்து அவனுக்குத் தொண்டையும் சொன்னபடி கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாலே இருமினான். கீழே டாக்டரிடம் காட்டியபோது, இனிமேல் கூழ் பதத்தில் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும், சோறு, பருப்பு, கறி எதையும் வாயில் வைக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைத்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் கண்ணாயி முதல் வேலையாகப் பானுமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் கெஞ்சுவான். எனக்குத் தெரியும். நீ எரக்கப்பட்டுறாத. கூழத் தவிர ஒண்ணும் குடுக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு.”

பானுமதி சத்தியம் பண்ணினாள்.

அவன் கூழ் குடிக்கும் வீட்டில் தான் மட்டும் குழம்பு வைத்துத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை. தானும் கூழையே குடித்தாள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராசப்பன் எரிந்து விழுந்தான்.

“ஏன் புள்ள, ஊட்டுல எழவா உழுந்திருச்சு? நீயாச்சும் ஆக்கித் தின்னு. வாசனையாச்சும் வரட்டும்.”

அதனால் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் தாளிக்கும் சத்தம் கேட்டது. அவள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, களவாடித் தின்கிறவள் மாதிரி அவசர அவசரமாக விழுங்குவாள். அப்படித் தின்றதில் ருசி எங்கே இருக்கும்? குற்றமாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தை மாதக் கடைசி. தெரிந்த வீட்டில் பச்சை மொச்சை கொடுத்திருந்தார்கள். ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்தாள். தேங்காயும் மிளகும் அரைத்துவிட்டுக் குழம்பு கொதித்தபோது, வாசனை வாசலைத் தாண்டிப் போனது. சாமைச் சோறு பூப்போல வெந்திருந்தது.

“பானு, இங்க வா” என்று ராசப்பன் கூப்பிட்டான். அவன் குரலில் கிண்டல் இல்லை.

“மொச்சையா?”

“ஆமாங்க.”

“எனக்கு ஒரு வாய் குடு.”

“வேண்டாமுங்க. நங்கையாளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கறேன்.”

“சத்தியம் உன்னுது. வாய் என்னுது.” அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். “கை போச்சு, கால் போச்சு. பீ மூத்திரம் போறதுகூட எனக்குத் தெரியறதில்ல. இந்த நாக்கு ஒண்ணுதான் பானு இன்னும் எனக்குன்னு இருக்குது. அதையும் கட்டிப்போட்டு வச்சுக்கிட்டு, எதுக்கு நான் கெடக்கணும்?”

அவள் வாசலுக்குப் போய் நின்றாள். கண்ணாயி வளப்பூர் நாட்டில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாள். சாயங்காலம்தான் வருவாள். தெருவில் யாரும் இல்லை. தடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவள் நினைத்ததுண்டு. அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, மொச்சையை விரலால் நசுக்கப் போனாள்.

“நசுக்காத. நசுக்கினா அதுவும் கூழுதான். ஒண்ணாச்சும் பல்லுல படட்டும்.”

அவள் கை நின்றது. பிறகு நசுக்காமலேயே பிசைந்தாள்.

தலையணையை உயர்த்தி வைத்து, சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினாள். ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். எவ்வளவு நேரம் மென்றான்! மொச்சை பல்லில் கடிபடும்போது அவன் முகத்தில் வந்த களையை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. விழுங்கினான். இருமல் வரவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும் என்று அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

“எப்படி இருக்குதுங்க?”

“உப்பு கொஞ்சம் பத்தல” என்றான்.

“கொழுப்பைப் பாரு” என்று சொல்லி அடுத்த உருண்டையை வைத்தாள்.

டிவியில் படம் ஆரம்பித்திருந்தது. பண்ணையார் வீட்டில் ஒரு கொலை. வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றுகொண்டே படம் பார்த்தார்கள். அவனுக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். “மச்சான்காரன்தான்” என்று அவன் ஆரம்பித்தான். “பேசாமத் தின்னுங்க” என்று அவள் அதட்டினாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் புரையேறியது.

புரையேறினால் நாம் என்ன செய்வோம்? பானுமதியும் அதைத்தான் செய்தாள். உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். “யாரோ நெனைக்கறாங்க” என்றாள். “உங்க அக்காதான், வேற யாரு. விருந்துல உக்காந்துக்கிட்டு தம்பியை நெனைக்கறாங்க.”

ராசப்பன் இரண்டு முறை இருமினான். பிறகு சத்தம் நின்றது. அடங்கிவிட்டது என்று அவள் டிவி பக்கம் திரும்பினாள். அவன் கையால் நெஞ்சைப் பிடிக்க முடியாது. காலை உதற முடியாது. பக்கத்தில் இருப்பவளின் சேலையைப் பிடித்து இழுக்க முடியாது. தலைமாட்டில் இருந்தவளுக்கு அவன் முகமும் தெரியவில்லை. படத்தில் போலீஸ் வந்து எல்லோரையும் விசாரித்தது. விளம்பரம் வந்தபோது, அடுத்த வாய் ஊட்டுவதற்காக உருண்டையை எடுத்துக்கொண்டு அவள் குனிந்தாள்.

கண் திறந்து டிவியைப் பார்த்தபடி இருந்தது. முகம் கறுத்திருந்தது.

விரலை விட்டுத் தோண்டினாள். முதுகைத் திருப்பித் தட்டினாள். சாமி சாமி என்று கத்தியபடி நெஞ்சைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் விரலோடு வந்தது ஒரு முழு மொச்சை. அது வந்தும் மூச்சு வரவில்லை. அவள் டிவியை நிறுத்தினாள். அவன் வாயைத் துடைத்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.

ஊர் கூடிவிட்டது. கூடியவர்கள் பார்த்தது என்ன? அரப்புத் தேய்த்துக் குளித்த தலை. தொட்டால் சுடும் டிவி. அடுப்பில் சட்டி நிறையக் குழம்பு. சாவு விழுந்த வீட்டில் ஆக்கிய சோறும் பிடித்துவைத்த தண்ணீரும் இருக்கக் கூடாது. அதனால் சேதி கேட்டு அலறியடித்துக்கொண்டு வந்த கண்ணாயிதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். கொட்டும்போது பார்த்தாள்.

“மொச்சைக் கொழம்பு வச்சுத் தின்னிருக்கறா பாருங்க!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அவனுக்கு உசுரு அது. மோந்து பாத்துக்கிட்டே உசுர விட்டிருக்கறான் என் தம்பி!”

அதுவே ஊரின் கதையாகிவிட்டது. பானுமதி மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கொலைகாரி, சொல்லாவிட்டால் நெஞ்சில் ஈரமில்லாதவள். இரண்டில் எது மேல் என்று அவளால் முடிவு பண்ண முடியவில்லை. அருணாகூட அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பின்னால் ஒரு நாள் அந்தப் படம் டிவியில் மறுபடியும் வந்தது. போலீஸ் வரும் இடத்தில் எழுந்துபோய் நிறுத்திவிட்டாள். மச்சான்காரன்தானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கருமாதியன்று செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைக்க வேண்டும். மொச்சைக் குழம்பைக் கண்ணாயியே வைத்தாள். படையலுக்கு வைப்பதை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. இலையில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, கண்ணாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் வாசலில் இருந்தார்கள். உள்ளே இவர்கள் இரண்டு பேர்தான்.

“போன மாசம் எங்கிட்ட கேட்டான் பானு” என்றாள். அழுதாலும் குரல் வெளியே கேட்கவில்லை. “ஒரு வாய் சோறு குடு அக்கான்னு கேட்டான். நான் கூழத்தான் ஊத்துனேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். தின்ன ஆசையோட போயிட்டானே. ராத்திரில கண்ண மூடுனா அந்த மூஞ்சிதான் வருது. எடுத்து வளத்த நானே அவன் வாயக் கட்டிப்போட்டேனே.”

பானுமதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் ஆகவில்லை.

“அவரு சாப்பிட்டுட்டுத்தான் போனாருங்க நங்கையா.”

கண்ணாயியின் அழுகை நின்றது.

“உன் கையாலயா?”

“ஆமாங்க.”

“அதுலதான் போனானா?”

“ஆமாங்க. மொச்சைய நசுக்காம குடுத்தேன். நசுக்க வேண்டாம்னு சொன்னாரு.”

கண்ணாயி கையை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்று, பிறகு மடியில் விழுந்தது. வாசலில் யாரோ, நேரமாகுது, படைச்சாச்சா என்று குரல் கொடுத்தார்கள். அவள் திரும்பவில்லை.

“தின்னுட்டு என்ன சொன்னான்?”

“உப்பு கொஞ்சம் பத்தலன்னாருங்க.”

கண்ணாயி எழுந்தாள். அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவைத் திறந்து, விரலால் கொஞ்சம் எடுத்து வந்து, இலையில் இருந்த குழம்பில் போட்டுக் கலக்கிவிட்டாள். கற்பூரம் ஏற்றினாள். கும்பிட்டாள். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தபோது, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பானுமதி சொன்னதை அவள் ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் கை நனைக்கவும் இல்லை.