ஒரு வாய் இட்லிக்கு நான் சாகவில்லை

சபையாரே, என் பேத்தி ஸ்டெல்லா இட்லி சாப்பிட்டாள், நான் உயிரோடிருக்கிறேன். இவ்வளவுதான் என் சாட்சி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லாவேதான் எழுதுகிறாள். என் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்குகிறாள், பன்னிரண்டாவது படித்தவள் அல்லவா.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை விட்டாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. கடம்பத்தூரிலிருந்து ரயிலேறி, காக்களூரில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போவாள். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். உபவாசம் என்றே நினைத்தோம். சபையில் அவளுக்காக ஸ்தோத்திரம் பண்ணினார்கள். பக்கத்து வீட்டு எஸ்தர் தன் மகளிடம், "அவளப் பாத்து கத்துக்கோடி, எப்பப் பாரு துன்னுக்கினே கீற" என்று திட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. பிரியாணி செய்தேன். கறிக்கடைக்காரன் பாதி எலும்பாகவே போட்டிருந்தான், அது வேறு கதை. ஸ்டெல்லா அதையும் தொடவில்லை. லெந்துதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன உபவாசம்? அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த வாரமே வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறும்போது மெல்லச் சொன்னாள்: "நான் ஒரு வாய் துன்னாக்கூட நீ செத்துடுவியாம், ஆயா. ஒரு ஆம்பள கொரலு சொல்லிக்கினே கீது. மிஷின் சத்தத்துலகூட கேக்குது."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, என் உசுர எடுத்துக்கோ, புள்ள துன்னட்டும்" என்று அழுதேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்டி கேக்காத ஆயா. அதுவும் அதத்தான் சொல்லுது."

அன்றே என் ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, இவள் சாப்பிடும்போது என்னைச் சாகவிடாதீர்.

டாக்டர், மனநோயின் ஆரம்பம்தான், சீக்கிரம் கூட்டிவந்தது நல்லது என்று மாத்திரை எழுதினார். அதோடு வாரா வாரம் அங்கேயே மனநல ஆலோசனை சொல்லும் ஒரு அம்மாவிடம் உட்கார்ந்து பேசச் சொன்னார். பேசினால் போகுமா, நான்கூடத்தான் நாளெல்லாம் பேசுகிறேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். குரல் பொய் என்று அடித்துச் சொல்லவில்லை. எப்போது வருகிறது, என்ன சொல்கிறது, சொன்னது நடந்ததா என்று கேட்டார். ஸ்டெல்லா யோசித்து, "ஒரு தபா மறந்து டீ குடிச்சிட்டேன். ஆயா சாவல" என்றாள்.

"அப்ப அதுக்குத் தெரியாததும் இருக்கு, இல்ல?" என்றார் அந்த அம்மா.

ஆஸ்பத்திரியில் குழாய் வழியாகக் கஞ்சி ஏற்றியபடி, இப்படிப் பல வாரம் பேசிய பிறகு, ஒருநாள் அந்த அம்மாவின் அறையில் என் முன்னால் ஸ்டெல்லா இட்லி சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. எனக்குச் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி எல்லாம் உண்டு. இன்று ஒருநாள் காப்பாற்றும் ஐயா என்று ஜெபித்தபடி நானும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடி ஒரு வாய் விழுங்கினாள். அதே நேரம் காரச் சட்னி எனக்குப் புரையேறி விக்கல் பிடித்துக்கொண்டது. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்ப அது என்ன சொல்லுது, ஸ்டெல்லா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"'பாத்தியா, ஆயா போயிடுச்சு'ன்னுது."

விக்கலோடு விக்கலாக நான் சொன்னேன்: "போவலடி. இன்னும் ஒரு வாய் துன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு! சிரித்துக்கொண்டே அடுத்த வாய் வைத்தாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

இப்போது வேலைக்குப் போகிறாள். மாத்திரையை விடவில்லை, அந்த அம்மாவிடம் போவதையும் விடவில்லை. குரல் அடியோடு போகவில்லை. வந்தால், "ஆயா எப்பனா சாவும், நீ கம்முனு கெட, நான் துன்னுக்கினு கீறேன்" என்கிறாளாம். ஆண்டவர் அவளுடைய பயத்தை எடுத்துப்போட்டார். எனக்கு அது போதும்.

ஆகவே சபையாரே, உங்கள் வீட்டுப் பிள்ளை சாப்பிடாமல் இருந்தால், ஸ்தோத்திரம் சொல்வதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள். ஜெபியுங்கள், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். எதிரில் உட்கார்ந்து சாகாமலிருக்க எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.